டைரக்ட் மேஸ்திரி வாழ்க!

பழைய பிக்கப் வண்டியின் ஏசி படுத்துவிட்டதா? பெங்களூரில் இருந்துகொண்டு அதற்காகக் கவலைப்படுவது ஏசி ரிப்பேர் மேஸ்திரியை அவமதிப்பதாகும். கலாசிபாளையத்துக்கும் ஜே.சி. ரோட்டுக்கும் இடைப்பட்ட சந்துகளில் அவர் எங்கும் நிறைந்திருக்கிறார். பெயரைக் கேட்காதீர்கள். தன்னடக்கம் மிகுந்தவர், ரசீதில்கூடப் பெயர் போட்டுக்கொள்வதில்லை. ரசீதே தருவதில்லை என்பார்கள் சிலர். பொறாமைக்காரர்கள்.

அவருடைய ஞானத்துக்கு முதல் சான்று, நோயைக் கண்டுபிடிக்கும் வேகம். வண்டி ரிவர்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே, பானெட்டைத் திறக்கும் முன்பே, வாயிலிருக்கும் பாக்கை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சொல்லிவிடுவார்: “கேஸ் இல்ல சார்.” ஏசி குளிரவில்லையா, கேஸ் இல்லை. விட்டு விட்டுக் குளிர்கிறதா, கேஸ் கம்மி. காலடியில் தண்ணீர் சொட்டுகிறதா, அதுவும் கேஸ்தான். ஒரே மருந்தில் எல்லா நோயையும் தீர்க்கும் வித்தை சித்தர்களுக்குக்கூட முழுதாகக் கைவந்ததாகத் தெரியவில்லை.

இந்த ஊருக்கு ஏசி எதற்கு என்று கேட்ட தலைமுறை ஒன்று இருந்தது. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறோம், ஃபேனே ஆடம்பரம் என்பார்கள். 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி, 2024 ஏப்ரலில் 38.5 டிகிரி என்று வெயில் ஏறியபின் அவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். மேஸ்திரியின் கடை முன்னால் வரிசை நீண்டது. மரங்களை வெட்டி ஏரிகளை மூடிய புண்ணியவான்களுக்கு அவர் என்றைக்காவது மாலை போட வேண்டும்.

மேஸ்திரியின் பெருமை விளங்க வேண்டுமானால் வண்டி ஏசியின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் ஓடும்போது கம்ப்ரஸரின் புல்லி பெல்ட்டோடு சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் தண்டு சும்மா நிற்கும். கிளட்ச் காயிலுக்கு மின்சாரம் போனால்தான் முன்பக்கத் தட்டு ‘டக்’கென்று புல்லியில் ஒட்டிக்கொள்ளும், கம்ப்ரஸர் சுழலும். அந்த மின்சாரம் காயிலுக்குப் போய்ச் சேர்வது தாலுகா ஆபீசில் கோப்பு நகர்வதைப் போல. ஃபியூஸ் கையெழுத்துப் போட வேண்டும், டேஷ்போர்டு சுவிட்ச் போட வேண்டும், ப்ளோயர் ஓடுகிறது என்று சான்று வேண்டும். கூலிங் காயிலில் ஐஸ் கட்டவில்லை என்று தெர்மோஸ்டாட் சொல்ல வேண்டும். பைப்பில் அழுத்தம் சரி என்று பிரஷர் சுவிட்ச் சொல்ல வேண்டும். பிறகு ரிலே, அதன்பிறகு காயில், கடைசியாக பாடி எர்த். நடுவில் ஒருவர் மறுத்தாலும் கோப்பு நின்றுவிடும்.

மேஸ்திரிக்கு இந்த அதிகாரி ராஜ்ஜியம் ஆகாது. மறுக்கிற அதிகாரியிடம் ‘ஏனய்யா மறுக்கிறாய்’ என்று காரணம் கேட்டுக்கொண்டிருப்பது நேர விரயம் என்பது அவர் சித்தாந்தம். அந்த அதிகாரியைத் தூக்கிவிட்டு, இந்தப் பக்கத்து ஒயரையும் அந்தப் பக்கத்து ஒயரையும் முறுக்கி இணைத்து, மேலே கறுப்பு டேப் சுற்றிவிட்டால் தீர்ந்தது. தொழில் வட்டாரத்தில் இதற்கு ‘டைரக்ட்’ என்று பெயர். “டைரக்ட் கொடுத்துட்டேன், இனிமே நிக்காது” என்று அவர் கை துடைக்கும் அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

எங்கள் அல்சூர் பக்கத்துக் கல்யாண சமையல் காண்டிராக்டர் ஒருவருடைய டபுள் கேபின் பிக்கப்புக்கு அவர் புரிந்த கைங்கர்யத்தைச் சொல்கிறேன். அண்டா குண்டாக்கள் பின்னால், சமையல்காரர்கள் முன்னால் என்று ஓடுகிற வண்டி. நைஸ் ரோட்டில் பறக்கும்போது ஏசி சில்லென்று இருக்கும். சில்க் போர்டு சிக்னலில் நின்றால் போதும், டக்கென்று கம்ப்ரஸர் விழும், சற்று நேரத்தில் டக்கென்று ஒட்டும், மறுபடி விழும். உள்ளே வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த சுகம். வண்டி ஓடும்போது சரியாக இருப்பது நிற்கும்போது மட்டும் ஏன் மக்கர் பண்ணுகிறது என்று சாதாரண மனிதர்கள் யோசிப்பார்கள். ஓடும்போது முன்னாலிருந்து காற்று அடித்து, சூட்டை வெளியே தள்ளும் கண்டென்ஸரைக் குளிர வைக்கிறது, நின்றால் அந்த வேலையை ஃபேன் பார்க்க வேண்டும், ஆகவே ஃபேன் சுற்றுகிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். மேஸ்திரி குனிபவர் அல்லர்.

கேஜை எடுத்தார். கேஜில் நீலம், சிவப்பு என்று இரண்டு குழாய்கள் உண்டு; நீலம் குறைந்த அழுத்தப் பக்கத்துக்கு, சிவப்பு மிகுந்த அழுத்தப் பக்கத்துக்கு. அவர் நீலத்தை மட்டும் மாட்டினார். சிவப்புக் குழாய் வாங்கிய நாள் மினுமினுப்புக் குலையாமல் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரு மல்டிமீட்டர், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். தொண்டைமானின் பளபளக்கும் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடிய ஔவையார் இந்தக் கடைக்கும் வந்திருந்தால் மகிழ்ந்துபோய் இன்னொரு பாட்டு பாடியிருப்பார்.

கம்ப்ரஸர் விழுந்து எழுவதற்கேற்ப நீலக் கேஜின் முள்ளும் ஏறி இறங்கியது. “பாத்தீங்களா சார், முள்ளு நிக்கல. கேஸ் கம்மி.” கேஸ் குறைந்தாலும் கம்ப்ரஸர் இப்படி விழுந்து எழும் என்பது உண்மைதான். ஓட ஆரம்பித்ததும் அழுத்தம் சட்டென்று சரியும், ஏறக்குறைய 2 பாருக்குக் கீழே போனதும் பிரஷர் சுவிட்ச் துண்டிக்கும், நின்றதும் அழுத்தம் ஏறும், மறுபடி ஓடும். ஆனால் ஃபேன் சுற்றாமல் கண்டென்ஸர் கொதித்து, மேல் அழுத்தம் 30 பாரைத் தாண்டினாலும் அதே சுவிட்ச்தான் துண்டிக்கும். இரண்டில் எது என்று சொல்லக்கூடியது அந்த மினுமினுக்கும் சிவப்புக் குழாய். அதைப் போய் அழுக்காக்குவார்களா?

கேஸ் அடித்தார். கொசுறாகக் கொஞ்சம் கூடுதலாகவே அடித்தார், தாராள மனசு. ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த கண்டென்ஸருக்கு மேலும் சுமை ஏறியதால் கம்ப்ரஸர் முன்னைவிடச் சீக்கிரமாக விழ ஆரம்பித்தது. வண்டி திரும்பி வந்தது. மேஸ்திரி கலங்கவில்லை. “அப்போ இது ஒயரிங் பால்ட்டு” என்று தன் கருத்தைத் தானே திருத்திக்கொண்டார். அறிவியல் மனப்பான்மை என்றால் இதுதான். பிரஷர் சுவிட்சின் கனெக்டரைப் பிடுங்கினார். ஒயர் துண்டு ஒன்றை வளைத்துக் கனெக்டரின் இரண்டு துளைகளிலும் செருகினார். டக்! ஒட்டிய கிளட்ச் விழவே இல்லை. டிரைவர் பையன் பூரித்துப்போனான். “அண்ணா, இப்ப சூப்பரா இருக்குண்ணா. ஒண்ணும் ஆகாதில்ல?” என்றான். “ஏனூ ஆகல்லா” என்று மேஸ்திரி கன்னடத்தில் அபயம் அளித்தார். பெங்களூரின் எல்லா மொழிகளிலும் இந்த ஒரு வாக்கியத்தை அவர் பிழையின்றிச் சொல்வார்.

அந்தச் சுவிட்ச் வெறும் முட்டுக்கட்டை என்று நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி. கேஸ் ஒழுகிப் போனால் கம்ப்ரஸரை நிறுத்துவது குளிருக்காக அல்ல. கம்ப்ரஸருக்கு வேண்டிய ஆயில் கேஸோடு கலந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாவிட்டால் ஆயில் திரும்பி வராது, இரும்பும் இரும்பும் வறண்டு தேயும். அழுத்தம் எல்லை மீறினால் நிறுத்துவது பைப்பும் சீலும் பிழைத்திருப்பதற்காக. பல வண்டிகளில் கண்டென்ஸர் ஃபேனை முடுக்கிவிடும் உத்தரவும் இதே சுவிட்சிலிருந்துதான் போகிறது. ஆக ஒரு சாண் ஒயரால் இரண்டு மூன்று காவலர்களை ஒரே அடியில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். ஆட்குறைப்பு நிபுணர்கள் வைட்ஃபீல்டு ஐ.டி. கம்பெனிகளில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய மற்றச் சாதனைகளையும் சொல்லாமல் விடுவது நன்றியாகாது. தெர்மோஸ்டாட் அவ்வப்போது கம்ப்ரஸரை நிறுத்துவது இயல்பு. நிறுத்தாவிட்டால் கூலிங் காயிலில் ஈரம் உறைந்து ஐஸ் பாளமாகிக் காற்றுக்கு வழி அடைத்துவிடும். அதற்கும் ஒரு வாடிக்கையாளருக்கு டைரக்ட் கொடுத்தார். மைசூர் போய்ச் சேர்வதற்குள் வண்டிக்குள் பனிப்பாறை தயார், காற்றுத்தான் வரவில்லை. இன்னொருவருக்குக் காலையில் ஒட்டும் கிளட்ச் மத்தியானம் ஒட்டாது. தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய இடைவெளி தேய்மானத்தால் அகன்றிருக்கும். காயில் சூடேறினால் அதன் மின்தடை கூடி, காந்தத்தின் இழுவை குறைந்து, அந்தத் தூரத்தை எட்டிப் பிடிக்க முடியாமல் போகும். உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை உருவினால் இடைவெளி குறைந்து சரியாகிவிடும், பொருள் செலவு சூன்யம். சூன்யத்துக்கு வேலை செய்ய மேஸ்திரி என்ன ஏமாளியா? ஸ்பானர் பிடியால் தட்டின்மேல் ஒரு போடு போட்டார், ஒட்டிக்கொண்டது. “ஒட்டலைன்னா இந்த மாதிரி ஒரு தட்டு தட்டுங்க” என்று கட்டை ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பினார். ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் கட்டையை நீட்டும் வீரக்கலையை இப்படி இலவசமாக யார் கற்றுத்தருவார்கள்?

வேக்கம் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. புதிதாக கேஸ் ஏற்றும் முன் பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் அரைமணி நேரமாவது உறிஞ்ச வேண்டும் என்பது ஏட்டுச் சுரைக்காய். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் ஒன்றை வைத்து ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிடுவார். கேஜில் முள் 29 அங்குலத்தில் நிற்கும். கடற்கரை ஊர்களில் முழு வெற்றிடத்துக்கு முள் 29 சொச்சம் காட்டும். பெங்களூரின் உயரத்தில் காற்றின் அழுத்தமே ஏறத்தாழ 27 அங்குலம்தான், இங்கே அதற்குமேல் உறிஞ்சுவதற்கு வெளியே ஒன்றுமே இல்லை. ஆனாலும் மேஸ்திரியின் கேஜ் 29 காட்டுகிறது. இயற்பியல் வெட்கித் தலைகுனியும் இடம் அது. கேஜின் சைபர் ஓடிப்போயிருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த ஆளுக்குத் தொழில் தெரியாது என்று பொருள்.

பழைய கேஸை என்ன செய்வார் என்று கேட்கிறீர்களா? திறந்துவிடுவார். ‘புஸ்ஸ்’ என்று ஜே.சி. ரோட்டு வானத்தில் கலந்துவிடும். ஆர்-134ஏ என்கிற அந்த வாயு ஓசோனை ஓட்டை போடாது என்பதற்காகத்தான் பழைய ஆர்-12க்குப் பதிலாக வந்தது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு வலுவுடையது. 450 கிராம் டப்பா ஒன்றைத் திறந்துவிட்டால் 640 கிலோவுக்கும் மேல் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி ஒப்பந்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. அந்தச் செய்தி மேஸ்திரியின் சந்துக்கு வந்து சேரவில்லை. ஊர் சூடானால்தான் ஏசி ஓடும், ஏசி ஓடினால்தான் கேஸ் போகும், கேஸ் போனால்தான் ஊர் சூடாகும் என்று தொழிலை ஒரு சக்கரமாக மூடிக்கொண்ட தீர்க்கதரிசனம் மேஸ்திரியுடையது.

சமையல் காண்டிராக்டர் வண்டிக்கு வருவோம். டைரக்ட் கொடுத்த கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியது. மேஸ்திரி சொன்ன சொல் தவறவில்லை. பொம்மனஹள்ளி சிக்னலில் ஒரு மத்தியானம் ஜாம் ஆகும்வரை ஓடியது. கிளட்ச் வழுக்கிப் புகைந்தது, பெல்ட் கிறீச்சிட்டது. பின்னாலிருந்த தவலையில் சாம்பார் மட்டும் அமைதியாக இருந்தது. திறந்து பார்த்தால் ஆயில் மை மாதிரி கறுத்து, அதில் பொடிப்பொடியாக உலோகம் மின்னியது. மேஸ்திரி உடனே சிவாஜிநகரிலிருந்து செகண்ட்ஸ் கம்ப்ரஸர் ஒன்றை வரவழைத்து மாட்டினார். கண்டென்ஸரையும் பைப்பையும் கழுவவில்லை, ஈரம் உறிஞ்சும் டிரையரை மாற்றவில்லை, ஆயில் எவ்வளவு என்று அளக்கவில்லை. பழைய கம்ப்ரஸரின் துகள்கள் அப்படியே புதிதாக வந்தவருக்கு விருந்தாகப் பரிமாறப்பட்டன. அவரும் நீண்ட நாள் தங்கவில்லை. அடுத்து மூன்றாவது வந்தார். ஒரே வண்டியில் இத்தனை கம்ப்ரஸர்களுக்கு வாழ்வளித்தவரை வள்ளல் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

அந்த மூன்றாவதும் முனக ஆரம்பித்தபோது டிரைவர் பையன் யாரோ சொன்னார்கள் என்று வில்சன் கார்டன் பக்கம் ஒரு பெரியவரிடம் வண்டியை விட்டான். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பிழைக்கத் தெரியாத மனுஷன். வந்ததும் வராததுமாகக் கேள்வி கேட்டார்: “நின்னாத்தான் கூலிங் போகுதாப்பா, ஓடும்போதும் போகுதா?” வாடிக்கையாளரை இப்படி யோசிக்க வைத்தால் கடைக்கு யார் வருவார்கள்? ஏசியைப் போட்டுவிட்டுக் கண்டென்ஸர் ஃபேனையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ஃபேன் அசைந்து கொடுத்தது, சுற்றவில்லை. பிரஷர் சுவிட்சின் கனெக்டரில் செருகியிருந்த ஒயர் துண்டைப் பிடுங்கிப் பையனின் கையில் வைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. மரியாதை தெரியாதவர்.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். கண்ணாடி விரிசல், பின்மூடி காணாமல்போய் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. அதே ஔவையார் பாட்டில் அதியமானின் வேல்கள் கொல்லன் பட்டறையில் நுனி முறிந்து கிடந்ததாகப் படித்திருக்கிறோம் அல்லவா, அந்த லட்சணம். ஃபேனின் கனெக்டரைக் கழற்றாமலே, ஃபேனுக்குக் கரண்ட் போய்க்கொண்டிருக்கும்போதே பின்பக்கமாக முனையைச் செருகினார். கழற்றிவிட்டு அளந்தால் ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழுசாக 12 வோல்ட் காட்டி ஏமாற்றும், சுமை இருக்கும்போதுதான் குட்டு வெளிப்படும் என்பது அவர் கட்சி. வரும் பக்கம் 12 இருந்தது. எர்த் பக்கத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒன்பது காட்டியது. ஃபேனுக்கு மிஞ்சியது மூன்றே வோல்ட்.

பேட்டரி தட்டுக்குக் கீழே, ஆசிட் சொட்டிச் சொட்டிப் பச்சை பூத்திருந்த ஒரு போல்ட். அங்கேதான் ஃபேனின் எர்த் ஒயர் முடிகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், லக் புதிதாக அடித்தார், முறுக்கிவிட்டு வாசலின் தடவினார். ஃபேன் சீறிக்கொண்டு சுற்றியது. சிவப்புக் குழாயையும் மாட்டி, கூடுதலாக இருந்த கேஸைக் காலி சிலிண்டர் ஒன்றில் இறக்கினார். பிரஷர் சுவிட்சின் கனெக்டரை அதன் இடத்தில் மாட்டினார். நின்ற இடத்திலேயே வண்டியை வெகுநேரம் ஓடவிட்டார். தெர்மோஸ்டாட் நிறுத்தும்போது நின்றது, விடும்போது ஓடியது. வாங்கியது 300 ரூபாய். கம்ப்ரஸர் ஒன்றுகூட விற்கவில்லை.

இந்தப் பெரியவரைப் போன்றவர்களை நம்பியா நாடு முன்னேற முடியும்? நல்லவேளையாக மேஸ்திரிக்கு வாய்ப்புகள் பெருகி வருகின்றன. 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் அறிவித்தது. 2025 முதல் தயாராகும் வண்டிகளுக்கு விதி. எஞ்சின்மேல் உட்கார்ந்து ஓட்டும் மனிதனுக்கும் வேர்க்கும் என்று கண்டுபிடிக்க, சுதந்திரம் வாங்கி எழுபத்தாறு ஆண்டுகளே தேவைப்பட்டன. இவ்வளவு அவசரம் கூடாது என்று லாரி முதலாளிகளில் சிலர் விலையேற்றத்தைக் காட்டி முனகியதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. இத்தனை காலமும் ஓட்டுநர்களுக்கு ஏசி ரிப்பேர் என்ற கவலையே இல்லாமல் காத்தவர்கள் அல்லவா?

விதி புதிய வண்டிக்குத்தான். யஷ்வந்தபூர் டிரக் டெர்மினலில் நிற்கும் பழைய லாரிகளுக்கு மேஸ்திரி இருக்கிறார். கனரக லாரிகளில் 24 வோல்ட். இரண்டு பேட்டரிகள் தொடராகக் கட்டப்பட்டிருக்கும். மேஸ்திரியிடம் இருப்பது காரிலிருந்து கழற்றிய 12 வோல்ட் ப்ளோயரும் ரிலேயும். தடையா இது? இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை உருவிவிடுவார். அந்த ஒரு பேட்டரி காய்ந்துகொண்டே போகும், ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்து ஒரே கணக்காகப் பார்ப்பதால் மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி வேகும். கடைசியில் இரண்டும் ஒன்றாகச் சாகும். பேட்டரி கடைக்காரர்கள் அவருக்குத் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்புவது சும்மா இல்லை. ஃபியூஸ் அடிக்கடி போனால் அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பி உண்டு. ஃபியூஸ் உருகும், கம்பி உருகாது. ஒயரிங் முழுவதும் உருகினாலும் அந்தக் கம்பி மட்டும் நிற்கும்.

காண்டிராக்டருக்குத்தான் மனசு ஆறவில்லை. 300 ரூபாய் வேலையை எப்படி நம்புவது? “ஒரு போல்ட்டைத் தேச்சானாம், சரியாப் போச்சாம். அவ்ளோதானா? உள்ள ஏதாவது கழட்டி வெச்சிருப்பான்” என்று டிரைவர் பையனைப் பிடித்துச் சத்தம் போட்டார். இரண்டு கம்ப்ரஸர், நாலைந்து தடவை கேஸ், டோயிங் எல்லாம் சேர்த்து இவ்வளவு பணம் போட்ட இடத்தை விட்டுவிட்டு ஊர்பேர் தெரியாத ஆளிடம் போவதாவது! சித்திரையில் முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கின்றன. ஏசி நன்றாகக் குளிர்ந்துகொண்டிருக்கும்போதே, முன்னெச்சரிக்கையாக ஒரு தடவை கேஸ் அடித்துவிடலாம் என்று மேஸ்திரிக்குப் போன் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாராம், ரொக்கம் மட்டும்.